தண்ணீரை எடைபோடும் ஊரில் ஆறு நாள்

முதல் நாள்: நைரோபி – மச்சாகோஸ்

விமான நிலையத்தில் பாஸ்போர்ட் பார்த்த அம்மா "என்ன வேலையாக வந்தீர்கள்?" என்று கேட்டார். "மக்காச்சோள வியாபாரிகளுக்கும் குடோன்காரர்களுக்கும் ஒரு பயிற்சி. சரக்கில் பூஞ்சணம் பிடிக்காமல் பார்த்துக்கொள்வது பற்றி" என்றேன். அவர் சிரித்தார். சுவாஹிலியில் மக்காச்சோளம் 'மஹிந்தி', இந்தியன் 'முஹிந்தி'. மஹிந்தியைப் பற்றிப் பாடம் நடத்த ஒரு முஹிந்தி வந்திருக்கிறான். இந்தச் சிலேடையை இந்த வாரம் எத்தனை பேரிடம் புதிதாகக் கேட்பதுபோல் கேட்டுச் சிரிக்க வேண்டியிருக்கும் என்று அப்போது தெரியவில்லை.

மொம்பாசா சாலையில் லாரிக்குப் பின்னால் லாரி. அத்தி ரிவர் என்ற ஊரின் சிமென்ட் தூசியைத் தாண்டியதும் வெட்டவெளி, மஞ்சள் புல். பிரதான சாலையை விட்டு இடப்பக்கம் திரும்பினால் மலைகளின் மடியில் மச்சாகோஸ். நைரோபி ஊராவதற்கு முன்பே ஆங்கிலேயர் நிர்வாகம் நடத்திய இடம் இது. ரயில் பாதை இந்த ஊரைத் தொடாமல் போனது, தலைமையகமும் ரயிலோடு போய்விட்டது. எங்கள் ஓட்டுநருக்கு இது நேற்று நடந்த அநியாயம்போல.

பயிற்சிக்கு இந்த ஊரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. 1981-இல் மச்சாகோஸ் மாவட்டத்தில் 20 பேர் மஞ்சள் காமாலையோடு மருத்துவமனைக்கு வந்து, 12 பேர் இறந்தார்கள். வீட்டில் வைத்திருந்த மக்காச்சோளத்தில் அஃப்லாடாக்சின், பூஞ்சணம் உண்டாக்கும் நஞ்சு. 2004-இல் அதுவே பெரிதாக வந்தது. மாக்குவேனி, கிட்டுயி, மச்சாகோஸ், திக்கா பகுதிகளில் ஜூலைக்குள் 317 பேருக்குப் பாதிப்பு, 125 சாவு. அப்போது சந்தைகளில் எடுத்த 350 மாதிரிகளில் பாதிக்கு மேல் அன்றைய வரம்பான 20-ஐத் தாண்டியிருந்தன. இந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று நாளை சொல்கிறேன். ராத்திரி குளிர்கிறது. பிப்ரவரியில் பகலெல்லாம் வெயில் கொளுத்தும் ஊரில் இரவில் போர்வை தேவைப்படுகிறது. இந்தக் குளிருக்கும் நான் வந்த வேலைக்கும் சம்பந்தம் உண்டு, அதுவும் பிறகு.

இரண்டாம் நாள்: மச்சாகோஸ்

ஒரு தேவாலயக் கூடத்தில் வகுப்பு. 26 பேர் வந்தார்கள். முன்வரிசையில் குடோன் முதலாளிகள், பின்வரிசையில் ஊர் ஊராகப் போய்ச் சோளம் பிடிக்கும் தரகர்கள், ஜன்னலோரமாகச் சந்தையில் விற்கும் பெண்கள் ஆறு பேர். மூத்த ஆண்களை 'முஸீ' என்றும் பெண்களை 'மாமா' என்றும் அழைக்க வேண்டும். ஒரு பாட்டியைப் பார்த்து "மாமா" என்று கூப்பிட என் வாய்க்குச் சாயங்காலம் வரை பிடித்தது. என்னை அவர்கள் 'முவாலிமு' என்றார்கள். வாத்தியார்.

பூஞ்சணப் படங்களோடு நான் தயார் செய்து கொண்டுபோன திரைக்காட்சிக்கு மின்சாரம் ஒத்துழைக்கவில்லை. நல்லதாகப் போயிற்று. கண்ணாடி ஜாடியும் உப்பும் எடுத்து மேஜைமேல் வைத்தேன்.

சோளத்தின் ஈரத்தைப் பார்க்கும் இந்தச் சோதனைக்கு ஈரம் அளக்கும் மீட்டர் வேண்டாம். நன்றாகக் காய்ந்த ஜாடியில் மூன்றில் ஒரு பங்கு சோளம், அதன்மேல் இரண்டு மூன்று கரண்டி காய்ந்த தூள் உப்பு. மூடி, ஒரு நிமிடம் நன்றாகக் குலுக்கி, பத்து நிமிடம் அசையாமல் வைக்க வேண்டும். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல். ஒட்டாமல் கீழே விழுந்துவிட்டால் அதற்குக் கீழே. மூன்று பேரைத் தங்கள் சரக்கிலிருந்து கைப்பிடி கொண்டுவரச் சொல்லியிருந்தேன். முதல் ஜாடி சுத்தம். இரண்டாவதும் சுத்தம். மூன்றாவதில் உள்பக்கமெல்லாம் வெள்ளை, பனிமூட்டம் படிந்த கண்ணாடிபோல. அந்த ஜாடிக்குச் சொந்தக்காரரான தரகர் அதைக் கையில் வாங்கி, விரலால் வெளிப்பக்கம் துடைத்துப் பார்த்தார். வெளியே துடைத்தால் போகிற வெள்ளையா அது. கூடமே சிரித்தது.

ஆனால் முதல் இரண்டு பேரும் நிம்மதியாக நாற்காலியில் சாய்வதற்குள் ஒன்று சொல்ல வேண்டியிருந்தது. பத்திரமாகச் சேமிக்க 13.5 சதவீதம் வேண்டும். உப்பு 15-ஐத்தான் சொல்லும். இடையில் உள்ள ஒன்றரை சதவீதத்துக்குள்தான் நிறைய குடோன்கள் மாட்டிக்கொள்கின்றன. அதற்கு மீட்டர்தான் வழி.

அப்புறம் அந்த எண். கென்யாவின் இப்போதைய வரம்பு மொத்த அஃப்லாடாக்சின் 10, அதில் பி1 என்ற கொடிய வகை மட்டும் என்றால் 5. அதாவது நூறு கோடிப் பங்கில் 10 பங்கு. இப்படிச் சொன்னால் எந்த ஊரிலும் யாருக்கும் ஒன்றும் புரியாது. மூட்டைக் கணக்கில் சொன்னேன். இங்கே ஒரு மூட்டை 90 கிலோ. அந்த மூட்டை முழுவதிலும் சேர்த்து ஒரு மில்லிகிராம் நஞ்சு இருந்தால் போதும், வரம்பைத் தாண்டிவிட்டது. மேஜையில் சிந்தியிருந்த உப்பிலிருந்து ஏழெட்டு துகளை விரல் நுனியில் ஒட்டிக் காட்டினேன். அதுவே ஒரு மில்லிகிராம் வராது.

இந்த நஞ்சுக்கு நிறமில்லை, ருசியில்லை. உகாலி என்ற சோளமாவுக் களி கிண்டுகிற சூட்டிலும் அழியாது. பச்சையாகப் பூத்த மணியைப் பார்த்தால் சந்தேகப்படலாம், பார்வைக்குச் சுத்தமாக இருக்கும் மணியை நம்ப முடியாது.

எல்லாரும் எழுதிக்கொண்டார்கள். சரி, பாடம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று நினைத்தபோது முன்வரிசையில் ஒரு முஸீ எழுந்தார். முப்பது வருடமாகச் சோளம் வாங்கி விற்பவர். "முவாலிமு, காயவைத்தால் கெடாது என்று எங்கள் பாட்டிக்கே தெரியும். காயவைத்தால் எடை குறையுமே, அதை யார் தருவார்?" என்றார்.

பதில் சொல்லாமல் கரும்பலகையில் கணக்கு போட்டேன். 90 கிலோ மூட்டை, ஈரம் 18 சதவீதம். அதை 13.5-க்குக் காயவைத்தால் 85.3 கிலோதான் தேறும். 4.7 கிலோ தண்ணீர் காற்றில் போய்விட்டது. கிலோவுக்கு 40 ஷில்லிங் என்று வைத்துக்கொண்டால் மூட்டைக்கு 188 ஷில்லிங். லாரிக்கு 300 மூட்டை என்றால் 56,400. அந்தப் பணம் யார் பையிலிருந்து போகிறது? காயவைத்தவன் பையிலிருந்து. ஈரத்தோடு விற்ற பக்கத்துக் கடைக்காரன் தண்ணீரையும் சோளம் விலைக்கே விற்றுவிட்டுப் போய்விட்டான்.

கரும்பலகையைப் பார்த்தபடி கூடம் கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது. முஸீ உட்காரவில்லை. "இதைத்தான் கேட்டேன்" என்றார்.

என்னிடம் இதற்கு முழுப் பதில் இல்லை. வாங்கும்போதே மீட்டர் வைத்து ஈரத்துக்கு ஏற்ப எடையைக் கழித்து விலை பேசலாம். அரசின் தானிய வாரியம் 13.5-க்கு மேல் வாங்காது, பெரிய மாவு ஆலைகளும் வாசலில் ஈரமும் நஞ்சும் பார்த்துத் திருப்பி அனுப்புகின்றன. திரும்பி வரும் லாரியின் வாடகையையும் கணக்கில் சேருங்கள் என்றேன். எல்லைப் பக்கம் வியாபாரம் செய்யும் ஒருவர் 2021 மார்ச்சை நினைவுபடுத்தினார். உகாண்டா, தான்சானியா சோளத்துக்கு நஞ்சைக் காரணம் காட்டித் திடீரென்று தடை விதித்து, சில நாளில் சான்றிதழ் நிபந்தனையோடு நீக்கினார்கள். "அந்த வாரம் எல்லையில் நின்ற லாரியில் என் சரக்கும் இருந்தது. அன்றைக்கு மீட்டர் வாங்கினேன்" என்றார். என்னுடைய மூன்று மணி நேரத்தைவிட அந்த ஒரு வாக்கியம் அதிகம் வேலை செய்தது.

மூன்றாம் நாள்: நான்கு குடோன்கள்

இன்று வகுப்பு இல்லை. குடோன்களைப் பார்ப்பது மட்டும். பெயர் ஊர் சொல்லப்போவதில்லை, முதலாளிகள் நம்பித் திறந்துவிட்டார்கள்.

முதல் குடோனில் நுழைந்ததும் மூக்குதான் முதலில் வேலை செய்தது. புழுக்கமான, பழைய துணி மாதிரி ஒரு வாடை. மூட்டை அடுக்கிய அட்டி சுவரோடு ஒட்டி, கூரைக்கு ஒரு முழம் கீழே வரை ஏறியிருந்தது. கீழே பலகை இல்லை, நேராக சிமென்ட் தரை. மேல் மூட்டைகளில் காசு காசாகக் கறுத்த வட்டங்கள். முதலாளி "கூரை ஒழுகவில்லை, மழையே இல்லையே" என்றார். உண்மைதான், மழை மார்ச்சில்தான். இங்கேதான் முதல் நாள் சொன்ன குளிர் வருகிறது. பகலில் தகரக் கூரையின் கீழ் சூடான காற்று மூட்டைகளிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்கிறது. இரவில் தகரம் சில்லிட்டதும் அந்த ஈரம் அதன் அடியில் முத்து முத்தாகக் கோத்துக்கொண்டு, மேல் மூட்டைமேல் சொட்டுகிறது. வானத்தில் ஒரு மேகம் இல்லாமலேயே குடோனுக்குள் மழை. கூரை மூலையில் காற்றுப் போக்கு வைத்து, அட்டியின் உயரத்தைக் குறைத்து, சுவரிலிருந்து ஓர் ஆள் நடக்க இடம் விட்டிருந்தால் இந்த வட்டங்கள் வந்திருக்காது. இடம் விட்டால் மூட்டை குறையும், வாடகை குறையும் என்றார் முதலாளி. மறுபடியும் அதே கணக்கு.

மூட்டைக்கு இங்கே 'குனியா' என்கிறார்கள். சுமைதூக்குபவர் ஒருவர் "குனியா, குனியா" என்று கத்திக்கொண்டு என்னை ஓரம் தள்ளியபோது நம் கோணிதான் கடல் தாண்டி வந்திருக்கிறது என்று தோன்றியது. கையில் இருந்தது அதே குத்தூசி. சாக்கில் குத்தி இழுத்தால் உள்ளங்கையில் பத்திருபது மணி வந்து விழும். நான்கு குடோன்காரர்களும் வாசலோரம் உள்ள ஒரே மூட்டையில் ஒரே குத்து குத்தி "பாருங்கள், நல்ல சரக்கு" என்றார்கள். நஞ்சு மூட்டையில் சர்க்கரைபோலக் கரைந்து பரவியிருப்பதில்லை. ஆயிரக்கணக்கான மணிகளில் ஒன்றிரண்டு மணி மட்டும் முழு விஷமாக இருக்கும், மற்றதெல்லாம் சுத்தமாக இருக்கும். அதனால் அட்டியின் மேல், நடு, அடி எல்லா இடத்திலும் பல மூட்டைகளில் குத்தி எடுத்து, கிலோக் கணக்கில் சேர்த்து, மொத்தமாக அரைத்து, நன்றாகக் கலந்த பிறகுதான் சோதனைக்கு எடுக்க வேண்டும். ஒரு கைப்பிடிச் சோதனையும் பூவா தலையா போட்டுப் பார்ப்பதும் ஒன்றுதான்.

இரண்டாம் குடோனில் மூட்டையைத் தட்டினால் மாவு கொட்டியது. அரைக்காத மாவு. பெரிய தானியத் துளைப்பானின் வேலை. மத்திய அமெரிக்கப் பூச்சி, 1980-களில் தான்சானியா வழியாக கென்யாவுக்குள் வந்தது. இங்கே அதன் பட்டப்பெயர் 'ஒசாமா'. துளைத்த மணியில் பூஞ்சணம் நுழைவது, திறந்த வீட்டில் நுழைவது மாதிரி. இந்த முதலாளி புகைமருந்து மாத்திரை வைத்திருந்தார், நல்லது. ஆனால் அட்டியைத் தார்ப்பாய் போட்டு மூடாமல் சாக்கு இடுக்குகளில் செருகியிருந்தார். அதே கொட்டகையின் மூலையில் காவல்காரரின் பாயும் தலையணையும். அந்த மாத்திரையிலிருந்து வரும் வாயு பூச்சியையும் கொல்லும், தூங்குகிற மனிதனையும் கொல்லும். நான் அன்று குரலை உயர்த்தியது அங்கே மட்டும்தான். பாய் உடனே வெளியே போனது. மறுபடி உள்ளே வரவில்லை என்று யார் பார்ப்பது?

மூன்றாவது குடோன் பரவாயில்லை.

நான்காவதில் தரையில் சிந்தியதைப் பெருக்கி ஒரு சாக்கில் கட்டி வைத்திருந்தார்கள். மண், எலிப் புழுக்கை, சொத்தை மணி எல்லாம் சேர்ந்த சாக்கு. "இது எங்கே போகும்?" என்று கேட்டேன். பையன் முதலாளியைப் பார்த்தான். முதலாளி அட்டியைப் பார்த்தார்.

நான்காம் நாள்: கட்டுமானி வழியாக வோட்டே

மச்சாகோஸிலிருந்து தெற்கே இறங்கும் சாலையில் கொஞ்ச தூரத்தில் கட்டுமானி. வேளாண் ஆராய்ச்சி நிலையம். மழை குறைந்த இந்தச் சீமைக்கென்று சீக்கிரம் விளையும் கட்டுமானிச் சோள ரகத்தைத் தந்த இடம். இப்போது இங்கே அஃப்லாசேஃப் தயாரிக்கிறார்கள். கையில் எடுத்துப் பார்த்தால் நீலச் சாயம் போட்ட வெள்ளைச்சோள மணி, மக்காச்சோளம் இல்லை. அதன்மேல் பூசியிருப்பதும் அஃப்லாடாக்சின் பூஞ்சணத்தின் அதே இனமான ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சைதான், ஆனால் நஞ்சு உண்டாக்கத் தெரியாத வகை. பூ வருவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பு ஏக்கருக்கு 4 கிலோ வயலில் தூவினால், நல்ல பூஞ்சை இடம் பிடித்துக்கொண்டு கெட்டதை நெருங்கவிடாது. இதைக் கேட்டதும் கூட வந்த தரகர் ஒருவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. அப்படியானால் குற்றம் விவசாயியுடையது, குடோனுடையது இல்லையே! வயலிலேயே தொற்று ஆரம்பிக்கிறது என்பது உண்மை. வறட்சியில் வாடிய பயிரில் அதிகம். ஆனால் சுத்தமாக வந்த சரக்கையும் ஈரக் குடோன் சில வாரத்தில் கெடுத்துவிடும் என்றேன். மலர்ச்சி பாதியாகக் குறைந்தது.

வோட்டே வந்து சேரும்போது இருட்டிவிட்டது. இங்கே குளிர் குறைவு. கொசு இருக்கிறது.

ஐந்தாம் நாள்: வோட்டே சந்தை

வகுப்பைச் சந்தையிலேயே வைத்தோம். கடைகளை மூடிவிட்டு வரச் சொன்னால் யாரும் வரமாட்டார்கள் என்று இந்த ஊர்ப் பெண்கள் முன்பே சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

சில்லறை வியாபாரத்துக்கு 'கொரோகொரோ' என்று ஒரு தகர டப்பா. ஏறக்குறைய இரண்டு கிலோ பிடிக்கும். கூம்பாகக் குவித்து அளந்து, கடைசியில் இரண்டு விரலால் ஒரு சிட்டிகை கூடப் போடுகிறார்கள். டப்பா அளவு என்பதால் இங்கே எடைக்கணக்கு வேறு மாதிரி ஓடும். ஈர மணி உப்பியிருக்கும், காய்ந்ததும் சுருங்கும், மூட்டைக்குத் தேறும் டப்பாக்கள் குறையும். மூட்டையை எடைபோட்டு வாங்கி டப்பாவில் அளந்து விற்கும் இந்தப் பெண்கள்தான் தரகர் விற்ற தண்ணீருக்குக் கடைசியில் காசு கொடுப்பவர்கள். அதனால் உப்பு ஜாடியை இவர்கள் பிடித்துக்கொண்ட வேகமே தனி. ஒருத்தி என் ஜாடியைத் திருப்பியே தரவில்லை. அவளிடம் சரக்கு இறக்க வந்த தரகரிடமே குலுக்கிக் காட்டி, மூட்டைக்கு விலை குறைத்துப் பேசினாள். ஒரு மணி நேரத்துக்கு முன்பு கற்றது!

மூட்டையை வெறும் தரையில் கொட்டிக் காயவைக்கக்கூடாது என்று சொல்ல நான் தயாராகும் முன்பே அவர்கள் தார்ப்பாய் விரித்திருந்தார்கள். காற்றுப் புகாத மூவடுக்குப் பைகளும் தெரிந்திருந்தது. உள்ளே இரண்டு பிளாஸ்டிக் பை, வெளியே சாக்கு. உள்ளே மாட்டிக்கொண்ட ஒசாமா இருக்கிற ஆக்சிஜனைத் தீர்த்துவிட்டு அதுவும் தீர்ந்துபோகும். ஆனால் ஈரச் சோளத்தை அதில் கட்டக்கூடாது என்பது மட்டும் இரண்டு பேருக்குத் தெரியவில்லை. கட்டி, பிரித்தபோது புளித்த வாடை வந்ததாம். "பை மோசம்" என்று நினைத்திருந்தார்கள்.

மத்தியானம் முதோகோயி சாப்பிட்டேன். மேல்தோலும் முளையும் நீக்கிய சோளத்தைப் பயறோடு வேகவைத்தது, கம்பா மக்களின் சாப்பாடு. நஞ்சில் பெரும்பகுதி தோலிலும் முளையிலும் இருப்பதால், இப்படி நீக்கும்போது ஓரளவு குறைகிறது. முழுக்கப் போகாது. அந்தத் தவிட்டை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். கோழிக்கு, மாட்டுக்கு. மாடு தின்றால் பாலில் வருமே என்றேன். பரிமாறிய மாமா கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

அவர்தான் சாயங்காலம் மற்றவர்கள் போன பிறகு வந்து உட்கார்ந்தார். 2004-இல் அவருக்குப் பக்கத்து வீட்டில் இரண்டு பிள்ளைகள். கண் மஞ்சளாகி, வயிறு வீங்கி, ஒரு வாரத்தில். அந்த வருடம் மழை பொய்த்திருந்தது, திருட்டுப் பயம். வயலில் விட்டு வைக்காமல் ஈரமாகவே ஒடித்து, வீட்டுக்குள் மண் தரையில் குவித்து, அதன் பக்கத்திலேயே படுத்துத் தூங்கினார்களாம். "கெட்டது என்று தெரியாமல் இல்லை. மேலே பச்சையாக இருந்ததைப் பொறுக்கி எறிந்துவிட்டுத்தான் சமைத்தார்கள். வேறு என்ன இருந்தது வீட்டில்?" என்றார். பிறகு கேட்டார்: "நீங்கள் சோதித்து இது ஆகாது என்று சொல்கிற மூட்டைக்கு யார் பணம் கொடுப்பார்கள்?"

யாரும் கொடுப்பதில்லை. அதனால்தான் ஆலை திருப்பிய லாரி அடுத்த ஊருக்குப் போகிறது, நல்ல மூட்டையோடு கலக்கிறது, கலந்ததும் எண் குறைகிறது. இந்த ஐந்து நாளில் குடோனை எப்படிக் கட்டுவது, எப்படி அடுக்குவது என்றெல்லாம் 50 பேருக்குச் சொல்லியிருக்கிறேன். ஒதுக்கிய மூட்டையை என்ன செய்வது என்பதற்கு என் பாடத்திட்டத்தில் ஒரே ஒரு வரி இருக்கிறது: "பாதுகாப்பாக அப்புறப்படுத்தவும்." அந்த வரியை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அடுத்த முறை வருவதற்குள் அந்த வரியை மாற்றி எழுத வேண்டும். ஒதுக்கிய சரக்குக்கு வியாபாரிகள் சங்கமே மூட்டைக்கு இத்தனை என்று ஒரு நிதி போட முடியுமா என்று மச்சாகோஸ் முஸீயிடம் போனில் கேட்டேன். "என் தண்ணீர்க் கணக்கை முதலில் முடியுங்கள் முவாலிமு" என்றார். ஆனால் முடியாது என்று சொல்லவில்லை.

ஆறாம் நாள்: எமாலி

காரில் எமாலி வந்து, மொம்பாசாவிலிருந்து நைரோபி போகும் ரயிலுக்குக் காத்திருக்கிறேன். 2017-இல் தொடங்கிய ஸ்டாண்டர்டு கேஜ் பாதை, ஊரைவிடப் பெரிய ஸ்டேஷன். பெட்டிகளையெல்லாம் தரையில் வரிசையாக வைக்கச் சொல்லி, மோப்ப நாயை விட்டார்கள். நாய் என் பைக்குப் பக்கத்தில் நின்றுவிட்டது. காவலர் திறக்கச் சொன்னார். உள்ளே குத்தூசி, அரைக் கிலோ சோளம், ஒரு உப்புப் பொட்டலம், மிச்சமிருந்த ஒரே ஜாடி.

இது என்ன என்று சொல்லித் தீர்வதை விடச் செய்து காட்டுவது சுலபம். ஆனால் பத்து நிமிடம் ஆகுமே. ரயிலுக்கு இருபது நிமிடம் இருந்தது. பெஞ்சில் ஜாடியை வைத்தோம். காவலர் இரண்டு பேர், நாயோடு வந்தவர், ஒரு டீ விற்கும் பெண். எல்லாரும் ஜாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாய் மட்டும் சோளத்தைப் பார்த்தது.

உப்பு ஒட்டியிருந்தது. வோட்டே சந்தையில் நான் காசு கொடுத்து வாங்கிய சோளம்!

காவலர் சிரிக்கவில்லை. வீட்டில் அம்மா போன வாரம் இரண்டு மூட்டை வாங்கி வைத்திருக்கிறாராம். பொட்டலத்தைக் காட்டி, "இந்த உப்புதான் வேண்டுமா, கடை உப்பு போதுமா?" என்று கேட்டார். கடை உப்பு போதும், காய்ந்திருந்தால் சரி என்றேன். ஜாடியைக் கழுவித் துடைத்து, வெயிலில் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தார். குத்தூசியை மட்டும் கையில் கொண்டு ஏறக்கூடாதாம். அது இப்போது ரயிலில் எங்கோ சீட்டு ஒட்டிப் பயணம் செய்துகொண்டிருக்கிறது.